ஆஃப் செய்யாதீர்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற வேலையெல்லாம் இந்தக் கடிதத்தில் இல்லை. இரண்டு வருஷமாக நான் உன் போனை எடுப்பதில்லை, இப்போதும் எடுக்கப் போவதில்லை. போனில் பேசினால் நாலாவது வாக்கியத்தில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைக்கும். காகிதத்தில் அந்த வித்தை பலிக்காது. மழுப்பினால் மழுப்பிய இடம் தெரியும். அதனால் நீயும் எழுது.

விஷயம் இதுதான். உன் அத்தானை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

ஜனவரி 27 காலை, மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை லேபில் ஏதோ கருகுகிற வாடை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு என்று அத்தானைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ அங்கே வேலை பார்த்தபோது வைத்துவிட்டுப் போன சர்வர், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதால் எல்லாரும் 'மாமனார்' என்று கூப்பிடுவார்களே, அதன் பிளக் உருகிக்கொண்டிருந்ததாம். பிளக்கின் மேலேயே சிவப்பு மையில் நீ எழுதி ஒட்டிய காகிதம்: 'ஆஃப் செய்யாதீர்!' இவர் காகிதத்தைப் பிரித்தார், பிளக்கைப் பிடுங்கினார், புதுசு மாட்டினார், மாமனாரை மறுபடி ஓட விட்டார். இருபது நிமிஷ வேலை.

மாமனார் எழுந்தார். விளக்கெல்லாம் எரிந்தது. ஆனால் யாரோடும் பேசவில்லை. பரிசோதனை மெஷின்கள் நாலும் ரிசல்ட்டை அனுப்பி அனுப்பிப் பார்த்தன, வாங்கிக்கொள்ள ஆளில்லை. மறுநாள் மதியம் வரை ரிசல்ட்டைக் கையால் எழுதிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் படுக்க வைத்த ஒருவரை எழுப்பி உட்கார வைத்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மேனேஜர் மூன்று குற்றம் எழுதியிருக்கிறார். எச்சரிக்கையை மீறி அணைத்தார். சர்வரைக் கெடுத்தார். எச்சரிக்கைக் காகிதத்தையும் காணாமல் அடித்தார். மார்ச் 3 விசாரணை. இருபத்தைந்து வருஷ வேலை, ரிட்டயர் ஆக இன்னும் மூன்று வருஷம். இப்போது போனால் எல்லாம் போனதுதான்.

அவர் வாயைத் திறப்பதில்லை. காலையில் யூனிஃபார்ம் சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டி வைக்கிறார். சாயங்காலம் எடுத்து மடித்து வைக்கிறார். நேற்று வீட்டிலிருக்கிற ஸ்விட்சை எல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினார். இன்றைக்கும் அதையே செய்தார்.

அந்தச் சர்வரை அமைத்தவன் நீ. 'முறையாக அமைத்த சர்வரை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் கெட்டுப் போகாது' என்று ஒரே ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு விசாரணைக்கு அனுப்பு. வேறொன்றும் கேட்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. ரேங்க் கார்டை நீட்டும்போது அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைப்பாரே, அந்தப் பயம்.

இங்கே பயிற்சி நிலையத்தில் என்னைத் துறைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள், தெரியுமா? நாற்காலிக்குக் கைப்பிடி வந்தது, தலையிலிருந்து மயிர் போனது. வயிறு மட்டும் யாரையும் கேட்காமல் வருஷா வருஷம் பதவி உயர்வு வாங்கிக்கொள்கிறது. எங்கள் பிரின்சிபால் தன் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருக்கிறார். அது ஒரு பெண்பெயர், அவர் மனைவி பெயர் அல்ல. அந்த அம்மா திடீரென்று ஆபீஸுக்கு வந்தால் பிரின்சிபால் கண்ணாடி மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டுதான் பேசுவார்.

சரி, அத்தான் விஷயம். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் மாமனாருக்கும் வயதாகிவிட்டது, அக்கா. தூசி, சூடு, டிஸ்க் தேய்மானம் என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். நான் இப்போது வெளியாள். வெளியாள் கடிதம் போட்டால், மச்சினன் சிபாரிசு என்று மேனேஜர் இன்னும் முறுக்கிக்கொள்வார். பேசாமல் அத்தான், 'தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்கவும்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் கண்டிப்போடு முடிந்துவிடாதா? யோசித்துச் சொல்.

அந்தப் பல்பு ஜோக்குக்காக இன்னும் கோபமா? இரண்டு வருஷமாகிவிட்டதே.

உன் தம்பி

பி.கு.: அந்தக் காகிதம் கிடைத்ததா? சும்மாதான் கேட்கிறேன்.


பிப்ரவரி 10

தம்பி,

நீ சொன்னது ஜோக் இல்லை. நாங்கள் வீடு மாறின அன்றைக்கு, உன் கூட வந்த பெரிய மனுஷர்கள் நாலு பேர் முன்னால், 'சார் என்ன பண்றார்?' என்று ஒருத்தர் கேட்டார். 'அத்தான் பல்பு மாத்துவார். அது எரியலைன்னா இன்னொண்ணு மாத்துவார்' என்று சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனவர் திரும்பிப் பந்திக்கு வரவில்லை. அதை நீ பார்க்கவில்லை, இன்னொரு ஜோக்குக்குப் போய்விட்டாய்.

இப்போது தூசி, சூடு, தேய்மானம் என்று எழுதியிருக்கிறாய். அதையும் விசாரித்துவிட்டேன். உன் இடத்தில் இப்போது ஒரு பெண் இருக்கிறாளே, சுருட்டை முடிக்காரி, அவளை மருந்துக்கடை வாசலில் பிடித்தேன்.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா. அது வேற நம்பர்ல போய் உட்கார்ந்திருந்துச்சு, அவ்ளோதான். பழைய நம்பரைத் தட்டினேன், அந்த நிமிஷமே பேசிருச்சு."

"பழைய நம்பர் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு எங்கம்மா தெரியும்? எங்கேயும் யாரும் எழுதி வெக்கலை. மறுநாள் உங்க வீட்டுக்காரர்தான் வந்து காதோட காதா சொன்னார்."

தன் போன் நம்பரையே கைக்கடிகாரப் பெட்டியில் எழுதி வைத்துப் படிக்கிற மனுஷன்! அவருக்கு எப்படி அந்த நம்பர் தெரிந்தது? கேட்டால், "ஏதோ ஞாபகம் இருந்துச்சு" என்கிறார். மேனேஜர் அதையும் பிடித்துக்கொண்டார். நம்பர் தெரிந்திருக்கிறதென்றால் இவர்தான் உள்ளே கைவைத்து மாற்றியிருக்கிறார் என்று நாலாவது குற்றமாகச் சேர்த்துவிட்டார். உதவி செய்யப் போனவர் கையில் விலங்கு.

வேற நம்பர், பழைய நம்பர் என்றால் என்ன? ஒரு மெஷின் தூங்கி எழுந்தால் தன் நம்பரை மறக்குமா? கம்ப்யூட்டர் தெரியாத அக்காவுக்குப் புரிகிற மாதிரி எழுது. பிரின்சிபால் கதை வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டபடி பாடமாகவே எழுதுகிறேன். இதைத்தான் ஒவ்வொரு வகுப்புக்கும் முதல் நாள் சொல்கிறேன்.

மாமனார், லினக்ஸ் என்கிற மென்பொருளில் ஓடுகிற மெஷின். அப்படிப்பட்ட மெஷினுக்கு முகவரி, அதாவது அந்தப் பெண் சொன்ன நம்பர், கொடுக்க இரண்டு வழி. ஒன்று, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கீபோர்டில் ஒரு வரி தட்டுவது. 'இந்த நொடியிலிருந்து உன் முகவரி இது' என்றால் உடனே தலையாட்டும், உடனே வேலை செய்யும். ஆனால் அது காதில் சொன்ன சொல். அணைத்து எழுப்பினால் நினைவிருக்காது.

இன்னொரு வழி, எழுதி வைப்பது. மெஷின் கண்விழிக்கும்போது படித்துப் பார்க்கிற ஃபைல் ஒன்று உள்ளே இருக்கிறது. அதில் முகவரியை நாலு வரியில் எழுதிவிட்டால், எத்தனை தடவை தூங்கி எழுந்தாலும் அதைப் படித்து, 'ஓ, நான் இந்த வீட்டுக்காரன்' என்று தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

ஃபைலில் எழுதவில்லை என்றால்? முகவரி பங்கிட்டுத் தர ரவுட்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. 'ஐயா, நான் எங்கே இருக்கட்டும்?' என்று அதனிடம் கேட்கும். காலியாக இருக்கிற ஏதோ ஒரு எண்ணை அது எடுத்துக் கொடுக்கும். பரிசோதனை மெஷின்கள் நாலும் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். மாமனார் பக்கத்துத் தெருவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். கெட்டுப் போகவில்லை, வீடு மாறிவிட்டார். அவ்வளவுதான்.

ஆகவே, எவரோ ஒருவர் ஆரம்பத்தில் கீபோர்டில் தட்டியதோடு விட்டுவிட்டு, ஃபைலில் எழுதாமல் போயிருக்கலாம். வேலைப் பளுவில் யாருக்கும் நடக்கக்கூடியதுதான்.

உன் தம்பி


பிப்ரவரி 17

தம்பி,

பாடம் நன்றாகப் புரிந்தது. நல்ல வாத்தியார்தான் நீ. கடைசிப் பத்தியில் மட்டும் ஏன் கையெழுத்து கோணுகிறது? 'எவரோ ஒருவர்' என்று எழுதும்போது பேனா இரண்டு இடத்தில் நின்றிருக்கிறது. அந்த எவரோ, சின்ன வயசில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு போர்வையை இழுப்பானே, அவன்தானா?

உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. உனக்குப் பதினாலு வயசு. நான் வேலை இன்டர்வியூவுக்குக் காத்திருந்தேன். வீட்டில் நீ மட்டும் இருந்தபோது போன் வந்தது. நான் வந்து, "எழுதி வெச்சியாடா?" என்று கேட்டேன். தலையை விரலால் தட்டிக் காட்டி, "எல்லாம் இங்க இருக்குக்கா. நாளைக்குப் பத்து மணி" என்றாய். பத்துக்குப் போனேன். ஒன்பது மணிக்குக் கூப்பிட்டிருந்தார்களாம். வாட்ச்மேன் என் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "போய்ட்டு வாம்மா" என்றான். நான் வீட்டில் வந்து, கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். காரணம் சொன்னால் அப்பா உன்னை அடிப்பார், நீ அழுவாய்.

முப்பது வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இல்லை, குத்திக்காட்டத்தான் சொல்கிறேன்.

ஆமாம் அல்லது இல்லை. ஒரு சொல்லில் எழுது.

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

ஆமாம்.

ஒரு சொல் என்றாய், எழுதிவிட்டேன். அந்த இன்டர்வியூ விஷயம் படித்தபிறகு இரண்டு நாள் நான் எந்த ஜோக்கும் சொல்லவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. சர்வரைக் கொண்டுவந்து வைத்த அன்றைக்கு எல்லாரும் சுற்றி நின்றார்கள். கீபோர்டில் முகவரியைத் தட்டினேன். நாலு மெஷினும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தன. கைதட்டினார்கள், அக்கா. மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார். ஃபைலில் எழுத இன்னும் ஐந்து நிமிஷம் போதும். எழுதினால் அணைத்து எழுப்பிச் சரிபார்க்க வேண்டும். கைதட்டின ஜனத்தின் முன்னால் அது எழுந்திருக்காமல் போனால்? நாளைக்குச் செய்யலாம் என்று டீயைக் குடித்தேன்.

மறுநாள் லேப் நிறையக் கூட்டம். அதற்கு மறுநாள் அதைவிடக் கூட்டம். நாள் ஆக ஆக, கைவைக்கவே பயமாகிவிட்டது. என்னென்ன எழுதாமல் விட்டிருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது. அதனால்தான் அந்தக் காகிதம். என் சோம்பலுக்கு நான் தைத்துப் போட்ட சட்டை அது.

அந்தக் காகிதத்துக்கு வந்த மரியாதையைக் கேள். கரண்ட் போனால் தாங்குவதற்குத் தனியாக ஒரு பேட்டரி வாங்கினார்கள். கூட்டுகிற அம்மா அந்த மூலைக்கு மட்டும் விளக்குமாற்றைக் கொண்டுபோவதையே நிறுத்திவிட்டார். டாக்டர்கள் அந்தப் பக்கம் போகும்போது குரலைத் தாழ்த்தினார்கள். மாமனார் என்று பேர் வைத்ததே அப்போதுதான். இதில் உச்சம், ஆயிரம் நாள் நிற்காமல் ஓடிய சர்வர் என்று எனக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். மேடையில் ஏறி வாங்கினேன். பேசச் சொன்னார்கள், கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த ஷீல்டைக் காட்டித்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பயிற்சி நிலையத்தில் வேலை வாங்கினேன். இப்போது என் மேஜையில் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான், 'தட்டியது போய்விடும், எழுதியது நிற்கும்' என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நாக்கு கூசாமல் சொல்கிறேன்.

விசாரணைக்குக் கடிதம் எழுதிவிட்டேன், இத்துடன் வைத்திருக்கிறேன். நடந்தது எல்லாம் இருக்கிறது. கையெழுத்து மட்டும் போடவில்லை. 'விவரம் அறிந்தவர்' என்று முடித்திருக்கிறேன். மேனேஜர் எங்கள் பிரின்சிபாலுக்கு எழுதிவிட்டால் இந்த நாற்காலி போய்விடும். இது போதுமா, பார்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பி,

உன் மொட்டைக் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மச்சினன் சிபாரிசு ஆகாது என்றாய், மொட்டைக் கடிதம் மட்டும் ஆகுமா? அத்தானே எழுதிப் போட்டார் என்று ஐந்தாவது குற்றம் சேர்ப்பார்கள்.

இத்துடன் இன்னொரு காகிதமும் வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்துவிட்டு மேலே படி.

பார்த்தாயா? நேற்று டெஸ்டர் எடுக்க இவருடைய டூல் பெட்டியைத் திறந்தேன். அடித்தட்டில் நாலாக மடித்து இருந்தது. முன்பக்கம் சிவப்பு மையில் உன்னுடைய 'ஆஃப் செய்யாதீர்!' பின்பக்கம் பென்சிலில், அதுவும் உன்னுடையதுதான்: '10.40.6.12. நாளைக்கு மறக்காமல் ஃபைலில் ஏற்று.'

ஏழு வருஷம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது உன் நாளைக்கு.

அவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். ஸ்விட்ச் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது எப்போலேர்ந்து உங்ககிட்ட இருக்கு?"

"அன்னிக்கேதான். பிளக்கைப் பிடுங்கணும்னு பிரிச்சேன். கிழியக் கூடாதேன்னு பாக்கெட்ல வெச்சேன். எல்லாரும் கத்தினப்புறம், மறுநாள்தான் வராண்டாவுல எடுத்துப் பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"நம்பரை மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். ஜனங்க ரிசல்ட்டுக்கு நிக்கிறாங்களே."

"காகிதத்தைக் காட்டியிருந்தா உங்க மேல ஒரு குத்தமும் வந்திருக்காதேங்க!"

ஸ்விட்சை மாட்டி, ஸ்க்ரூவை முறுக்கி முடித்தார். அப்புறம் சொன்னார்: "காட்டினா என்ன நெனப்பான்? பல்பு மாத்துறவன்னு சொன்னதுக்கு அத்தான் பழி வாங்கிட்டார்னு நெனப்பான். அந்தப் பேரு எனக்கு வேணாம்."

உன்னை வா என்று நான் கூப்பிட மாட்டேன். இந்தக் குடும்பத்தில் உனக்காக வாயை மூடிக்கொள்ள ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறோம். மூன்றாவது ஆளாக நீயும் சேர்ந்துகொள்வதா வேண்டாமா என்று நீ முடிவு செய். விசாரணை மூன்றாம் தேதி, காலை பதினொரு மணி. பதினொன்று. எழுதிக்கொள்.

அக்கா


மார்ச் 5

அக்கா,

வந்தேன் என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அத்தான் எப்படியும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்லியிருக்க மாட்டார். மீதியை நான் எழுதுகிறேன்.

பதினொரு மணி விசாரணைக்குப் பத்தேகாலுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். மடியில் துணிப்பை, பைக்குள் ஷீல்டு. விசாரணை அறையில் மேனேஜர், லேப் டாக்டரம்மா, தூக்கத்தைக் கொட்டாவியாக வெளியே விட்டுக்கொண்டிருந்த ஒரு அதிகாரி, சாட்சிக்கு உன் சுருட்டை முடிக்காரி. ஓரத்து நாற்காலியில் அத்தான், இஸ்திரி கலையாத சட்டையில். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார், அக்கா. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எழுந்திருக்கிற மாதிரி. எனக்குத் தரை பிளக்காதா என்றிருந்தது. மொசைக் தரை, பிளக்கவில்லை.

காகிதத்தை மேஜையில் வைத்தேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் காட்டினேன். சொன்னேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ ஆயிரம் நாள் நிக்காம ஓடினது?"

"பயத்துல ஓடினது சார்."

அவர் நம்பவில்லை. மச்சானைக் காப்பாற்ற மச்சினன் கதை கட்டுகிறான் என்றார். "ஃபைல்ல எழுதிட்டு இப்பவே அணைச்சுக் காட்டுறேன் சார்" என்றேன். எல்லாரும் லேபுக்குப் போனோம். மாமனாரின் பிளக் மேல் புதுக் காகிதம், இந்த முறை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு: 'ஆஃப் செய்யாதீர்!' சுருட்டையைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"நீயும் கீபோர்ட்ல தட்டினதோட சரியாம்மா?"

"நாளைக்கு ஃபைல்ல போடலாம்னு இருந்தேன் சார். அதுக்குள்ள யாரும் தொடக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டார்."

எனக்கு அந்தப் பெண்ணின் முகத்தில் என் முகம் தெரிந்தது, தலைமுடி மட்டும் கூடுதலாக.

டாக்டரம்மா பத்து நிமிஷம் கொடுத்தார். உட்கார்ந்தேன். வகுப்பில் எழுதிக் காட்டுவது போலவே, முகவரியை நாலு வரியில் எழுதினேன். நிமிர்ந்து, இனி அணைக்கலாம் என்றேன். ஆனால் என் கை போகவில்லை. ஏழு வருஷப் பயம் விரலில் வந்து நின்றுகொண்டது. அத்தான்தான் முன்னால் வந்தார்.

"தள்ளு மாப்ள. இதுல எனக்குத்தான் அனுபவம்."

அணைத்தார். போட்டார். மாமனார் எழுந்தார். விளக்கெல்லாம் எரிந்தது. நாலு மெஷினும் கதவைத் தட்டின.

வேற வீட்டில் போய் உட்கார்ந்திருந்தார், அக்கா. மறுபடியும்.

அதிகாரிக்கே தூக்கம் கலைந்துவிட்டது. மேனேஜர், "இதைத்தான் அங்க சொல்லிக் கொடுக்கறீங்களா?" என்றார். அப்போது சுருட்டை மெதுவாக என் காதருகில், "சார், நீங்க எழுதினது புது மெஷினோட முறை. இது பழசு. இந்த ஃபைலை இது திறந்தே பார்க்காது. அந்த ஃபைல் வேற" என்றாள். பாடம் நடத்தி நடத்தி, நான் அமைத்த மெஷின் எந்த ஃபைலைப் படிக்கும் என்பதே எனக்கு மறந்திருக்கிறது. துறைத் தலைவர்! ஏழு வருஷத்துக்கு முன்னால் எழுதியிருந்தாலாவது சரியான இடத்தில் எழுதியிருப்பேன்.

அத்தான் என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி:

"எரியலைன்னா இன்னொண்ணு மாத்திப் பார்க்கணும் மாப்ள. அவ்வளவுதானே?"

அவர் குத்திக்காட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அந்தக் குரலில் குத்தல் இல்லை. தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனுக்குச் சொல்கிற புத்தி அது. பந்தியில் எல்லாரும் சிரிக்க நான் சொன்ன அதே வாக்கியம். எனக்குக் கண் மறைத்துவிட்டது. சுருட்டை கீபோர்டை வாங்கி, சரியான ஃபைலைத் திறந்து கொடுத்தாள். நாலு வரியும் நானே எழுதினேன். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை பார்த்தேன்.

அத்தான் மறுபடி அணைத்தார். மறுபடி போட்டார். நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்தில் நான் எவ்வளவு கிழவனானேன் என்று சொல்ல முடியாது. அப்புறம் மூலையிலிருந்த முதல் மெஷின் 'கிர்' என்று ஒரு ரிசல்ட்டை அனுப்பியது. மாமனார் வாங்கிக்கொண்டார். பின்னாலேயே மற்ற மூன்றும்.

யாரும் கைதட்டவில்லை. டாக்டரம்மா, "முடிஞ்சுதா? ஜனங்க நிக்கிறாங்க" என்று கையுறையை மாட்டிக்கொண்டார்.

குற்றம் நாலும் ரத்து, திங்கள் முதல் வேலைக்கு வரலாம் என்று மேனேஜர் அங்கேயே எழுதிக் கொடுத்தார். அதன் நகல் ஒன்று எங்கள் பிரின்சிபாலுக்கும் போகிறது. ஷீல்டை மேனேஜரிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

வாசல் வரைக்கும் அத்தான் கூட வந்தார். "வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்றார். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்றேன். வண்டிக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அத்தானிடம் ஒரு மன்னிப்புக்கூட நான் கேட்கவில்லை, அக்கா. வாயில் வந்த எல்லா வாக்கியமும் ஜோக்காகவே வந்தது. அதனால் மூடிக்கொண்டேன்.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

அத்தான் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "மாப்ள வந்தான், சரி பண்ணிட்டான்." இரண்டு தடவை அணைத்த கதையை உன் கடிதத்தில்தான் படித்தேன். படித்துக் காட்டினேன். "அதையெல்லாமா எழுதுவான்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனார். சாயங்காலம் சுருட்டை என்னை வழியில் பார்த்துச் சொன்னாள். முதல் வேலையாக லேபுக்குப் போய், டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, மாமனாரை அணைத்தாராம். நாலு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். எழுந்து வந்ததும் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதத்தைப் பிடுங்கிவிட்டு, தன் கையால் ஒன்று எழுதி ஒட்டிவிட்டு வந்திருக்கிறார். அவருடைய கோணல் எழுத்தில்:

'ஆஃப் செய்யலாம். தானே எழுந்து வரும்.'

கூட்டுகிற அம்மா ஏழு வருஷக் குப்பையை அந்த மூலையிலிருந்து அள்ளினாராம். ஒரு சீப்பு, இரண்டு பேனா மூடி, யாருடையதோ ஒற்றைச் செருப்பு.

உன் நாற்காலி என்ன ஆயிற்று? கைப்பிடி இருக்கிறதா?

இனிமேல் போன் செய்தால் எடுப்பேன். ஆனால் எப்போது வருகிறாய் என்பதைப் போனில் சொல்லாதே.

அக்கா


மார்ச் 15

அக்கா,

நாற்காலிக்குக் கைப்பிடி போய்விட்டது. முதுகு சாய்கிற பாகம் இன்னும் இருக்கிறது, அதுவரைக்கும் சந்தோஷம். வேலையில் வைத்திருக்கிறார்கள். முதல் நாள் பாடத்தில் இப்போது ஷீல்டுக்குப் பதில் அந்தக் காகிதத்தைக் காட்டுகிறேன், இரண்டு பக்கமும். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வருகிற 28, சனிக்கிழமை. காலை ஆறு இருபதுக்கு வரும் வண்டி. மூன்றாவது பெட்டி. எழுதிவிட்டேன்.

இந்தத் தாளின் பின்பக்கம் அத்தானுக்கு. நேரில் நின்றால் மறுபடி ஏதாவது உளறுவேன் என்பதால் நாலு வரி எழுதியிருக்கிறேன். நீ படிக்காதே. படிப்பாய் என்று தெரியும். படித்துவிட்டு மடித்து, அவருடைய டூல் பெட்டியின் அடித்தட்டில் வைத்துவிடு. எங்கே வைத்தால் அவர் பத்திரமாக வைத்திருப்பார் என்று எனக்கு இப்போது தெரியும்.

தம்பி